கோடிச் சேலையில் ஒரு நடை

அந்த அக்கா உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்றபடி எப்போது பார்த்தாலும் நின்றுகொண்டோ, குனிந்துகொண்டோ, எதையாவது எடுத்து எங்கேயாவது வைத்துக்கொண்டோதான் இருப்பார். டில்லியில் எங்கள் ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகள் காத்திருக்கிற வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலிகள் கிடக்கும். மற்றவர்கள் அதில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் நாற்காலிகளை நேராக நகர்த்தி வைத்துக்கொண்டிருப்பார், ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியையும் சேர்த்து.

"முதல்ல உட்காருங்கக்கா" என்பேன்.

"உக்காந்தா காலு மறந்துடும் டீச்சர்" என்பார்.

நான் டீச்சர் இல்லை. பிசியோதெரபிஸ்ட். நோயாளியை நடை மெஷினில் ஏற்றி, முகத்தில் மாஸ்க்கை மாட்டி மூச்சை அளப்பது, வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கவிட்டு எவ்வளவு தூரம் போகிறார் என்று பார்ப்பது, பிறகு பயிற்சி கொடுப்பது, இதுதான் என் வேலை. முதல் நாள் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ ட்ரில் டீச்சர்னு சொல்லுங்க" என்றார். அத்தோடு நான் படித்த படிப்பெல்லாம் போச்சு. பியூன்கூட சிரித்தான்.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை பக்கம், அவருக்குக் கள்ளக்குறிச்சி பக்கம். டில்லித் தமிழ் என்று தனியாக ஒன்று கிடையாது. அவரவர் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த தமிழ், மேலே கொஞ்சம் இந்தியைத் தூவிக்கொள்வோம். அன்றைக்கே என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "நாலு கோட்டியில வேல செய்யறன்" என்றார். எங்கள் ஊரில் கோட்டி என்றால் பைத்தியம். நாலு பைத்தியத்தை வைத்துக்கொண்டு மாரடிக்கிறாரே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. "அவங்க வீட்டு ஆளுங்க யாரும் பார்த்துக்க மாட்டாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"அவங்க எங்க டீச்சர் பெருக்கப் போறாங்க? நாமதான் செய்யணும்."

அப்புறம்தான் புரிந்தது, பெரிய வீடுகளுக்கு இந்தியில் சொல்கிற வார்த்தையை அவர் குடியிருக்கிற மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் எல்லோரும் இப்படித் தமிழாக்கி வைத்திருக்கிறார்கள் என்று. எங்கள் ஊர் அர்த்தத்தைச் சொன்னதும் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துச் சிரித்து மூச்சு முட்டிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் உட்காரவில்லை. "தப்பு ஒன்னுமில்ல டீச்சர். நாலுல ரெண்டு உங்க ஊரு கோட்டிதான்" என்றார்.

அவர் வியாதியின் பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதயம் தளர்ந்துபோய் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாத நிலைக்கு டாக்டர்கள் ஹார்ட் ஃபெயிலியர் என்கிறார்கள். அந்தப் பேரை வைத்த மனுஷன் தமிழ்நாட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டான். நம்மிடம் 'ஹார்ட் ஃபெயில்' என்றால் ஒரே அர்த்தம்தான். ஆள் போயாச்சு.

அக்காவின் மகன் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், மொபைல் கடையில் வேலை. அம்மாவிடம் சோறு கேட்கவும் திட்டு வாங்கவும் போதுமான அளவுக்குத் தமிழ் வரும். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு ஊரில் இருக்கிற தாய்மாமனுக்கு போன் போட்டிருக்கிறான். "மாமா, அம்மாக்கு ஹார்ட் ஃபெயில் ஆயிடுச்சு." அந்தப் பக்கம் ஓவென்று ஓர் அழுகை, போன் கட். மாமாவுக்கு அம்மா மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டு இவன் கடைக்குப் போய்விட்டான்.

கல்யாணமாகிப் போன பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வாங்கிவந்து உடம்பின் மேல் போர்த்த வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி. அது இல்லாமல் எடுக்க மாட்டார்கள். அண்ணன் அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்ட சேலை ஒன்றை வாங்கிக்கொண்டு, பெண்டாட்டியோடு ரயில் ஏறிவிட்டார். செத்த வீட்டில் யாரைக் கூப்பிட்டு என்ன கேட்பது என்று வழியில் போனும் செய்யவில்லை. டில்லியில் வந்து இறங்கி, கேம்ப் சந்துமுனையில் உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். கோட்டி வேலை முடித்து வந்த அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "யாருண்ணா செத்தது?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்க அண்ணி மயக்கம் போட்டுட்டா டீச்சர். அவளுக்குத் தண்ணி தெளிச்சதும் நான்தான். அண்ணன் அந்தச் சேலைய மறைச்சு மறைச்சு வெச்சான், ஆகாதாம், கடையில திருப்பிக் குடுத்துடறேன்னான். நான் விடுவனா? எனக்குன்னு வாங்கினதில்ல? உசுரோட இருக்கறவளுக்கு ஒரு தீபாவளிக்கு எடுத்துக் குடுத்ததில்ல அவன். செத்தவளுக்குத்தான் எடுத்துனு வந்தான்."

இதை என்னிடம் சொன்னபோது அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது, பொய் சொல்வானேன். நடை சோதனைக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் அதே அரக்கு, அதே மஞ்சள் கரை. நல்லா இருக்குல்ல என்று வேறு கேட்பார். நல்லாத்தான் இருந்தது.

எங்கள் டாக்டர் மேடம் அப்போது ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்திருந்தார். இதயம் தளர்ந்தால் கால் கை சதையும் சேர்ந்து தளர்ந்துவிடுகிறது. ஆண்களுக்கு அதிகமாகவும் பெண்களுக்குக் கொஞ்சமாகவும் ஊறுகிற ஒரு ஹார்மோனைப் பிளாஸ்திரி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் இறக்கினால் உடற்பயிற்சிக்குப் பலன் கூடுமா? அதுதான் கேள்வி. பிளாஸ்திரியை வயிற்றில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே மாதிரி பயிற்சி. பாதிப் பேருக்கு மருந்துள்ள பிளாஸ்திரி, பாதிப் பேருக்கு வெறும் பிளாஸ்திரி. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

"கல்யாணம் மாதிரின்னு சொல்லுங்க" என்றார் அக்கா.

ஆம்பிளை ஹார்மோன் என்பதை மறைக்கக் கூடாது, சொன்னேன். மீசை முளைக்குமா என்று கேட்டார். அளவு ரொம்பக் கம்மி, ஆனாலும் சிலருக்கு ரோமம் கொஞ்சம் வரலாம் என்றேன்.

"மொளைச்சா மொளைக்கட்டும். எங்க வீட்டுக்காரருக்குக் கடைசி வரைக்கும் ஒழுங்கா மொளைக்கல. குடும்பத்துல ஒருத்தருக்காவது இருக்கட்டும். எனக்கு மாடி ஏறணும் டீச்சர், அவ்ளோதான்."

மாடிதான் விஷயம். கேம்ப்பை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்து, அதற்குப் பதில் டில்லிக் கோடியில் நரேலா பக்கம் வீடு என்று ஆகி, குலுக்கலில் அக்காவுக்கு நாலாம் மாடி விழுந்திருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம். அப்போது அவரால் எங்கள் ஆஸ்பத்திரியின் முதல் மாடிக்கே ஒரே மூச்சில் வர முடியாது. நடுவில் நின்று கைப்பிடியைத் துடைப்பார், யாரோ துடைக்கச் சொன்ன மாதிரி. மூச்சு வாங்குவதை மறைக்க அது ஒரு வித்தை.

"மேல ஏறினா எறங்க முடியாது, எறங்கினா ஏற முடியாது" என்றார். "எம்மவன் நல்லவன். சோறு குடுப்பான், டிவி வாங்கிக் குடுப்பான். ஜன்னலாண்ட ஒரு கட்டில் போட்டு உக்கார வெச்சுருவான். அப்படி உக்கார்றதுக்கு எங்கண்ணன் கோடி எடுத்துனு வந்தான் பாருங்க, அன்னிக்கே போயிருக்கலாம்."

அப்போதும் அவர் கை என் மேஜையில் கிடந்த பேனாக்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டுதான் இருந்தது. கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டினேன்.

ஆறு நிமிஷ நடை என்பது பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். வராந்தாவின் இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு, அதைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். முடியாவிட்டால் நிற்கலாம். பேசக் கூடாது. நானும் இஷ்டத்துக்கு உற்சாகப்படுத்தக் கூடாது. எல்லா நோயாளிக்கும் அதே வாக்கியம், அதே குரல். "நல்லா நடக்கிறீங்க. அப்படியே நடங்க." அக்கா இரண்டாவது சுற்றிலேயே, "ஏன் டீச்சர் ரயில்வே ஸ்டேஷன் மைக்கு மாதிரி பேசறீங்க?" என்று கேட்டுவிட்டார். ஒரு தடவை நடுவில் குனிந்து தரையில் கிடந்த பஞ்சை எடுத்துக் குப்பைக்கூடை தேடிப் போனார். கோபம் வந்தால் எனக்குத் திருநெல்வேலி தானாக வந்துவிடும். "ஏக்கா, நடக்க வந்தியளா, பஞ்சு பொறுக்க வந்தியளா?" என்று கத்திவிட்டேன். அந்த வாக்கியம் விதிமுறையில் கிடையாது. அன்றைய சோதனை செல்லாமல் போய் மறுபடி வைக்க வேண்டியதாயிற்று.

இந்தி அவருக்குத் தண்ணிப்பட்ட பாடு. காய்கறி விற்கிற சப்ஜிவாலாவோடு சண்டை போட்டு ஜெயிக்கிற இந்தி. ஆனால் டாக்டர் முன்னால் வந்தால் தமிழ்தான் வரும். உடம்பு நோவை எப்படி இந்தியில் சொல்றது என்பார். அதனால் நடுவில் நான். சோதனைக்கு முன்னால் மேடம், இன்று முடியுமா என்று கேட்பார். அக்கா சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான்.

"நடக்கும்."

மேடத்துக்கு நான் "சலேகா" என்று சொல்லிவிடுவேன். அதிசயமாக அந்த ஒரு வார்த்தை மட்டும் இரண்டு பாஷையிலும் ஒரே மாதிரி பொருந்தும். ஆகும் என்றும் அர்த்தம், நடக்கும் என்றும் அர்த்தம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. நடப்பேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நடக்கும். யார் நடக்கும்? கொஞ்ச நாள் கழித்துத்தான் பிடிபட்டது. காலைச் சொல்கிறார். வீட்டில் கட்டிய மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் காலைப் பற்றிப் பேசுவார். "இன்னிக்கு அடம் புடிக்குது." "கொஞ்சம் தட்டிக் குடுத்தா வரும்." "நேத்து ரொம்ப ஓட்டிட்டன், கோச்சுக்கினு இருக்குது."

பயமுறுத்திய நாளும் உண்டு. ஒரு காலை மகனுடைய பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். தன் செருப்பு அறுந்துவிட்டது என்றார். எனக்குச் சந்தேகம். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்து அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் கோத்திருந்தது, சொந்தச் செருப்பு நுழையவில்லை, அதை மறைத்து நடக்க வந்திருக்கிறார். இன்றைக்கு நடை கிடையாது என்றேன். மேடம் தண்ணீர் இறங்குகிற மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, போய்ப் படுங்கள் என்றார். மத்தியானம் நான் டீ குடிக்க வெளியே வந்தால், ஆஸ்பத்திரி கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் போவதும் வருவதுமாக இருக்கிறார், மகனின் செருப்பு தரையில் டப் டப்பென்று அடிக்க. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "செத்துப் போவீங்கக்கா" என்றேன் நேராக.

"அதுக்குத்தான் சேல எடுத்தாச்சே" என்றார். ஆனால் முகம் வெளுத்திருந்தது. அன்றைக்கு நானே ஆட்டோவில் கேம்ப் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். அதை உட்கார்ந்த கணக்கில் சேர்க்க முடியாது, சீட்டு நுனியில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் வந்தார்.

வாரம் போகப் போக, நடை கூடியது. சொந்தச் செருப்புக்குத் திரும்பினார். முதல் மாடிக்குக் கைப்பிடி துடைக்காமல் வந்தார். ஒரு நாள் ஜன்னல் வெளிச்சத்தில் நின்று மோவாயை நீட்டி, "பாருங்க, ஒன்னு மொளைச்சிருக்குது. எனக்கு நெஜ மருந்துதான்" என்றார்.

"அம்பது வயசுக்கு எல்லாருக்கும் ஒன்னு மொளைக்கும்க்கா. எனக்கே இருக்கு."

"அப்போ உங்களுக்கும் ஒட்டிட்டாங்களா?"

கடைசிச் சோதனையில் நான் கூம்புக்குப் பக்கத்தில் ஸ்டேஷன் மைக் மாதிரியே சொல்லிக்கொண்டு நின்றேன். கோடிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கோட்டிக்கு நேரமாகிவிட்ட மாதிரி அப்படி ஒரு நடை. மேடம் இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்தார். இதயம் வந்த அன்று எப்படியோ அப்படியேதான் இருந்தது. ஒரு இம்மி முன்னேற்றம் இல்லை. "தில் புரானா, டாங் நயீ" என்று மேடம் சிரித்தார். நெஞ்சு பழசு, கால் புதுசு. அக்காவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஆராய்ச்சி முடிந்ததும் பிளாஸ்திரியும் முடிந்தது. மிச்சம் மீதி இருக்கிறதா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். பத்திரமாக எண்ணி வைத்திருப்பார்கள், தர முடியாது. பயிற்சியை விடாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நாளில் கேம்ப்பை இடித்தார்கள். அக்கா நரேலாவுக்குப் போனார். செக்கப்புக்கு வரவில்லை, போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடிப்படி, மாடிப்படி என்றுதான் மனசில் ஓடும். அந்தச் சமயத்தில்தான் யாருக்கு எந்தப் பிளாஸ்திரி என்கிற ரகசியத்தைத் திறந்தார்கள். மேடம் என்னைக் கூப்பிட்டு, "உன் அக்காவைப் பார்த்தால் கேள். தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால் சொல், இல்லாவிட்டால் விடு" என்றார். அக்காவுக்கு எது என்பதை எனக்குச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிவிட்டேன். மெட்ரோ, பஸ், ஈ-ரிக்ஷா என்று மாறி மாறி.

ஒரே மாதிரி கட்டடங்கள். கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்துப் படி ஏறினேன். ட்ரில் டீச்சருக்கு இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கியது. மூன்றாம் மாடி திருப்பத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

ஆமாம், உட்கார்ந்திருந்தார். கவிழ்த்த பெயிண்ட் டப்பா, அதன் மேல் நாலாக மடித்த அரக்குத் துணி, மஞ்சள் கரை தெரிந்தது. காலடியில் காய்கறிப் பை.

"என்னக்கா, உட்கார்ந்துட்டீங்க?"

"வாங்க டீச்சர். நான் உக்காரல. அதை உக்கார வெச்சிருக்கன்" என்று காலைக் காட்டினார். "தெனம் ரெண்டு தபா ஏறி எறங்குது. மூனாவது மாடியில ஒரு வாய் மூச்சு குடுத்தா நாலாவதுக்குத் தானா வருது. புடிச்சு இழுத்தா வராது, உங்களாண்ட கத்துக்கினதுதான்."

"சேலை?"

"கிழிஞ்சு போச்சு. கோடி கிழிஞ்சுது, நான் இன்னும் கிழியல."

பக்கத்திலேயே இரண்டு வீட்டில் வேலை பிடித்துவிட்டாராம். பேச்சுவாக்கில் முந்தானையைக் கொஞ்சம் ஒதுக்கிக் காட்டினார். வயிற்றில் அதே இடத்தில் ஒரு பிளாஸ்திரி. முதுகுவலிக்கு மருந்துக்கடையில் விற்கிற சாதாரணப் பிளாஸ்திரி. "ஆர்மோன் பிளாஸ்திரி கேட்டன். கடைக்கார பையா இதுதான் இருக்குன்னான். செரி, ஒட்டற எடத்துல ஏதாவது ஒட்டியிருந்தாத்தான் இதுக்குத் தைரியம்."

அதைப் பார்த்த பிறகு கேட்க மனசில்லை. ஆனால் கேட்டாக வேண்டும். "அக்கா, உங்களுக்கு ஒட்டினது மருந்தா, வெறும் பிளாஸ்திரியான்னு தெரிஞ்சுபோச்சு. உங்களுக்குத் தெரியணுமா?"

அக்கா என் கையைப் பிடித்துச் சட்டென்று தன் பக்கம் இழுத்தார். அவர் கண் கீழே, தன் பாதத்தின் மேல் இருந்தது. காதோரம் ரகசியமாகச் சொன்னார்.

"மெதுவா டீச்சர். காலுக்குக் கேட்டுரும்."

அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன். அவர் எழுந்தார், பையை எடுத்தார், எனக்கு முன்னால் ஏறினார். நான்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். டீ போட்டுக் கொடுத்தார், நான் குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே பேசினார். கிளம்பினபோது ரிக்ஷா வரைக்கும் வருகிறேன் என்று கூடவே இறங்கிவிட்டார். திரும்ப ஏறணுமேக்கா, கோட்டியா பிடிச்சிருக்கு என்று திட்டினேன். "நடக்கும்" என்றார்.

மேடத்திடம், தெரிய வேண்டாமாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. இன்னொரு தடவை போனபோது வேறு யாரோ குடியிருந்தார்கள், எங்கே போனார்கள் என்று தெரியவில்லை என்றார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் பெயிண்ட் டப்பா மட்டும் இருந்தது. துணி இல்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்றால் வேறெங்கோ படி ஏறுகிறார் என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் கடைசியில் ஒன்றுதான் கேட்கிறார்கள். நிஜ மருந்தா, வெறும் பிளாஸ்திரியா? சொல்ல மாட்டேன். இங்கேயும் எழுத மாட்டேன். நீங்கள் பாட்டுக்கு வாய்விட்டுப் படித்துத் தொலைப்பீர்கள். அக்கா இப்போது எந்தப் படியில் கால் வைத்திருக்கிறாரோ.